பன்னிரண்டு பிஸ்டன் சத்தம்

அப்பா சோறு பிசைந்துகொண்டிருக்கும்போது கை சட்டென்று நின்றுவிடும். தலையை லேசாகச் சாய்த்து ஜன்னல் பக்கம் காது கொடுப்பார். அம்மா பேச்சை நிறுத்திக்கொள்வாள். தூரத்தில், தரைக்கு அடியிலிருந்து கிளம்புவதுபோல ஓர் உறுமல் வரும். அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று கிணுகிணுக்கும். "மூணுலேருந்து நாலுக்குப் போறான்" என்பார் அப்பா. கொஞ்சம் பொறுத்து, "ம், விழுந்துடுச்சு" என்று சொன்ன பிறகுதான் அடுத்த கவளம் வாய்க்குப் போகும்.

1979-ஆம் வருஷம். ஆவடி டேங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ். எனக்குப் பதினொரு வயது. சோதனைத் தடத்தில் விஜயந்தா டேங்க் ஓடும் நாட்களில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரம் இப்படித்தான் கழியும். பக்கத்து வீட்டிலும் ஒரு அப்பா இதேபோலக் கையை நிறுத்தியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அவர் வெல்டர். பற்றவைத்த இணைப்புகளிலிருந்து வரும் சத்தத்தை அவர் கேட்பார், எங்கள் அப்பா எஞ்சினைக் கேட்பார்.

விஜயந்தா பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பு. முதல் வண்டி ஆவடியிலிருந்து வெளியே வந்தது 1965-இல். தொழிற்சாலை அதற்கு நான்கு வருஷம் முன்னால், 1961-இல் வந்தது. ஆவடி என்ற பெயரே ராணுவ வண்டிகளைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகளின் சுருக்கம் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சொல்வோம். பெருமையாக இருக்கும். ஆனால் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியபோதே அது ஆவடி காங்கிரஸ்தான். டேங்க் ஃபேக்டரி வருவதற்கு முன்பே ஊருக்குப் பெயர் இருந்திருக்கிறது. அரசே பெரிய தொழில்களை நடத்தும் என்று எந்த ஊரில் கூடிப் பேசினார்களோ, அதே ஊரில் ஆறு வருஷம் கழித்து வந்த அரசுத் தொழிற்சாலையில் என் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. 1964-இல் அவர் சேர்ந்தபோது வயது இருபத்திரண்டு.

அந்த எஞ்சினைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. லேலண்ட் எல்60. ஆறு சிலிண்டர், பன்னிரண்டு பிஸ்டன். ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிரே வந்து, முட்டாமல் திரும்பும். அப்பா இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றை நோக்கி ஒன்றாகக் கொண்டுவந்து, தொடாமல் நிறுத்தி, விலக்கிக் காட்டுவார். சஸ்பென்ஷனைக் காட்ட ஈரத்துண்டை எடுத்து முறுக்குவார். சக்கரம் மேட்டில் ஏறும்போது ஓர் இரும்புத் தடி இப்படித்தான் முறுகும், இறங்கும்போது திரும்பிக்கொள்ளும், அதற்குப் பெயர் டார்ஷன் பார் என்பார். அவருடைய கைகள் எனக்குப் பாடப்புத்தகத்தைவிடத் தெளிவாக இருந்தன. இன்றைக்கும் 'முறுக்கு விசை' என்று எங்கே படித்தாலும் சிவப்புக் கட்டம் போட்ட துண்டுதான் ஞாபகம் வருகிறது.

பாதையே இல்லாத இடத்தில் போகிற வண்டியைச் செய்த அந்த மனிதர்கள் எல்லோரும் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். காலைச் சங்கு ஊதும்போது கேட்டுக்கு முன்னால் சைக்கிள் வெள்ளம். பெரும்பாலும் ஹெர்குலஸ். அதுவும் பக்கத்து ஊர்ச் சரக்குதான். முருகப்பா குழுமத்தின் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் தொடங்கியது, ஆலை அம்பத்தூரில். டயர் தொழிற்சாலையும் அம்பத்தூரில்தான், அந்த பஸ் ஸ்டாப்பை இன்றைக்கும் டன்லப் என்கிறோம். சைக்கிள், டயர், டேங்க் என்று உருண்டு போகிற எல்லாமே எங்கள் ரயில் பாதையை ஒட்டியே உருவாகிக்கொண்டிருந்தன. ஆனால் அப்பா தான் பொருத்திய டேங்கில் உட்கார்ந்து கட்டாந்தரையில் ஒரு ஃபர்லாங்கூடப் போனதில்லை. ஓட்டுவது வேறு பிரிவு. அவர் வேலை முடிந்ததும் வண்டி போய்விடும். பட்டாபிராம் சைடிங்கில் தார்ப்பாய் போர்த்திய வேகன்கள் நிற்கும்போது நாங்கள் பையன்கள் வேலி ஓரமாக நின்று எண்ணுவோம். போர்வைக்கு வெளியே குழல் முனை தெரிந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். எங்கே போகிறது என்று அப்பாவைக் கேட்டால், "பார்டருக்கு" என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார்.

தரையைப் பற்றி அப்பா எனக்குச் சொன்னது ஒரே ஒரு தடவைதான், அதுவும் பருத்திப்பட்டு ஏரிக்கரையில். முப்பத்தொன்பது டன் எடை உள்ள வண்டி சேற்றில் ஏன் புதைவதில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் உட்காரவைத்து அழைத்துப் போனார். கோடையில் வற்றிக்கொண்டிருந்த ஏரியின் விளிம்பில் மாடுகள் இறங்கிய தடமும் எருமைகள் இறங்கிய தடமும் இருந்தன. மாட்டுக் குளம்பு ஆழமாக, குறுகலாகப் பதிந்திருந்தது. எருமைக் குளம்பு விரிந்து, அகலமாக, அவ்வளவு ஆழமில்லாமல். "எது வெயிட்டு?" என்றார். எருமை என்றேன். "எது புதைஞ்சிருக்கு?" என்றார். மாடு. "அவ்வளவுதான். எடையைப் பரப்பிக் கொடுத்துட்டா தரை தாங்கும். டேங்குக்குச் செயின் போடறது அதுக்குத்தான்." காருடைய டயர் ஒரு சதுர சென்டிமீட்டர் தரையை சுமார் இரண்டு கிலோ கனத்தில் அழுத்துகிறது. ஐம்பத்தெட்டு டன்னைத் தாண்டும் இன்றைய அர்ஜுன் டேங்க் அழுத்துவது ஒரு கிலோவுக்கும் குறைவு. இந்தக் கணக்கைப் பிற்பாடு படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. எருமை முன்பே சொல்லிவிட்டிருந்தது.

பங்குனி, சித்திரை மாதங்களில் அந்த ஏரி எங்களுடையது. நாங்கள் நான்கு பேர். வெல்டர் வீட்டுப் பையன், கேண்டீன் சார் மகன், துணி ஃபேக்டரிக்காரர் மகன், நான். முதலில் பனங்காய் வண்டி. இரண்டு பனங்காயை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடுவது. புழுதியில் சைக்கிள் டயர் புதையும், பனங்காய் புதையாது. பிறகு வாடகை சைக்கிள், மணிக்கு முப்பது காசு. சீட்டில் உட்கார்ந்தால் பெடலுக்குக் கால் எட்டாத வயதில் குரங்குப் பெடல். அப்படியே ஏரிக்குள் இறங்கிவிடுவோம். கரையிலிருந்து இறங்கும் சரிவு, மதகடியில் மணல் திட்டு, கலங்கல் பக்கம் கற்கள், நடுவில் வெடித்த களிமண் தரை. ஒவ்வொன்றும் பெடலில் வேறு மாதிரி தெரியும்.

நடுவில்தான் ஆபத்து. மேலே காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும், அடியில் சேறு அப்படியே இருக்கும். பொருக்கின் நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெளுத்திருந்தால் ஏறலாம். கொஞ்சம் கருத்து, ஓரங்கள் மேல்நோக்கிச் சுருளாமல் இருந்தால் அடியில் ஈரம், போகக்கூடாது. இதைச் சொல்லிக் கொடுத்தவர் எருமை மேய்த்த ஒரு தாத்தா. கேண்டீன் சார் மகன் ஒருநாள் கருத்த பொருக்கில் போய்விட்டான். முன்சக்கரம் பாதிவரை இறங்கியது. அவன் தொடைவரை நின்றுகொண்டு அழவும் முடியாமல் எங்களைப் பார்த்தான். தாத்தாதான் மேல்துண்டை வீசி இழுத்தார். சைக்கிளையும் எடுத்தோம், ஒரு பெடலைத் தவிர. அந்தப் பெடலுக்கு நான்கு பேரும் சேர்ந்து மூன்று மாதம் காசு கட்டினோம். கடைக்காரர் எங்கள் வீட்டில் சொல்லவில்லை. அந்த நல்ல மனதை நாங்கள் நால்வரும் இன்றுவரை மறக்கவில்லை.

காசு கொடுத்து வண்டி வேடிக்கை பார்த்ததும் உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளத்தில் சோழவரம் ரேஸ் நடக்கும். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தியது. செங்குன்றம் வழியாக சைக்கிள் மிதித்துப் போய்ப் புழுதியோடு திரும்புவோம். பிற்பாடு 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்தது. சோழவரத்தில் கார்கள் போனபோதும் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கியர் எண்ணினோம். அது அப்பாக்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம்.

இனி இந்தப் பக்கம் வருகிறேன். 2024 ஜனவரி.

நால்வருக்கும் வயது ஐம்பத்தாறை ஒட்டி. கேண்டீன் சார் மகன்தான் போன் செய்தான். அவன் மகள் வேலை பார்க்கும் இடத்தில் எல்லோரும் போய்வந்தார்களாம். கோவளம் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பு, நாலு சக்கர பைக், கூடவே வழிகாட்டி, ஹெல்மெட் எல்லாம் அவர்களே தருவார்கள், ஒரு மணி நேரம், ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு. "சேத்துல ஓட்டலாம்டா மச்சி" என்றான். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் இரண்டு விஷயம் ஒன்றாக எழுந்தது. ஒன்று ஏரி. இன்னொன்று, ஒன்றரை மாதத்துக்கு முன்னால் எங்கள் தெரு.

டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழையில் ஆவடியின் பல தெருக்கள் மூழ்கின. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். வடிந்த பிறகு நான்கு விரற்கடை சேறு. அப்பாவின் கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தி, அவரை அதன்மேல் உட்காரவைத்துவிட்டு, நானும் என் மனைவியும் மூன்று நாள் அந்தச் சேற்றை வாரினோம். ஒரு வாளிக்கு இவ்வளவு என்று ஆள் வைத்தும் வாரினோம். அந்தச் சேற்றில் ஏரியின் வாசனை இருந்தது. கழிவுநீர் நாற்றத்துக்கு அடியில், தெளிவாக, வண்டலின் வாசனை. ஏரிக்குப் போக வேண்டிய தண்ணீர் வழி தெரியாமல் எங்கள் கூடத்துக்கு வந்திருக்கிறது என்று தோன்றியது. எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை.

ஆகவே, சேற்றை வெளியேற்றக் காசு கொடுத்த கை, சேற்றில் இறங்கவும் காசு கொடுத்தது. இதைச் சொன்னபோது வெல்டர் வீட்டுப் பையன் வெகுநேரம் பேசவில்லை. அவன் வீட்டில் பீரோவே போய்விட்டிருந்தது. பிறகு, "வரேன்டா. அதுக்காகவே வரேன்" என்றான்.

நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையில் ஏறினோம். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர், ஆறு வழி. வண்டலூர்ப் பக்கத்து முதல் பகுதி 2014-இல் திறந்தது. அந்த இடத்தில் முன்பு நெல் வயல். வரப்பில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் மோட்டார் ரூமில் குளித்திருக்கிறோம். இப்போது எண்பதில் போகும் காருக்குள் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தாலும் அலம்பாது. நல்ல சாலை. பிரசவ வலியோடு ஒருத்தியைக் குண்டும் குழியுமான பாதையில் கொண்டுபோன தெரு எங்களுடையது, ஆகவே நல்ல சாலையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில் கார்ச் சக்கரம் ஒரு தடவைகூட மண்ணைத் தொடவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டே வந்தேன்.

தோப்பில் இருபத்திரண்டு வயது இருக்கும் ஒரு தம்பி காத்திருந்தான். மீனவர் குப்பத்துப் பையன். முதல் வார்த்தையே, "அங்கிள், பைக் ஓட்டுறதை மறந்துடுங்க" என்றான். ஆக்சிலேட்டரை முறுக்கக்கூடாது, வலது கட்டைவிரலால் ஒரு சின்ன நெம்புகோலைத் தள்ள வேண்டும். கிளட்ச் இல்லை, கியர் இல்லை, ஸ்கூட்டர்போலப் பெல்ட். வளைவில் பைக் தானே சாயும், இது சாயாது. நீங்கள்தான் உடம்பை உள்பக்கம் சாய்க்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிப்பக்கம் கவிழும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: வண்டி சறுக்கினால் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. ஊன்றினால் உங்கள் பின்சக்கரமே உங்கள் காலில் ஏறும். இதை மூன்று தடவை சொன்னான். எங்களையும் திருப்பிச் சொல்லவைத்தான். அவனுடைய அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

துணி ஃபேக்டரிக்காரர் மகன் டயரை அழுத்திப் பார்த்தான். பலூன்போல அமுங்கியது. "காத்து கம்மியா இருக்கேப்பா?" "நாலு, அஞ்சு பிஎஸ்ஐதான் அங்கிள். அப்பதான் மணல்ல மிதக்கும்." காரில் முப்பதுக்கு மேல் பிடிக்கிறோம். நாங்கள் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எருமைக் குளம்பு. பனங்காய்.

இந்த வண்டி பிறந்த கதையும் அதுதான். ஹோண்டாவின் பொறியாளர் ஒசாமு தகேயுச்சி, அமெரிக்காவில் குளிர்காலத்தில் விற்க ஒரு வண்டி வேண்டும் என்று கேட்டபோது, காற்றுக் குறைந்த தடித்த டயர்களை மாட்டி மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்தார். 1970-இல் அது விற்பனைக்கு வந்தபோது தனியாக சஸ்பென்ஷனே கிடையாது, டயரின் அமுங்கல்தான் எல்லாம். மூன்று சக்கரம் எளிதாகக் கவிழ்ந்தது. ஏராளமானோர், அதிலும் குழந்தைகள் அடிபட்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் சுசுகி நான்கு சக்கரத்தில் கொண்டுவந்தது. 1988-இல் அமெரிக்க அரசோடு ஏற்பட்ட உடன்பாட்டில் மூன்று சக்கர விற்பனையே அங்கே நின்றது. இன்றைக்கு விவசாயிகளும் காட்டிலாகாக்காரர்களும் மீட்புப் படையினரும் ஓட்டுகிற உழைப்பு வண்டி இது. நம் ஊரில் பெரும்பாலும் சாலையில் ஓட்ட அனுமதி இல்லாததால் இப்படி வேலிக்குள் விளையாட்டு வண்டியாக இருக்கிறது.

தம்பி முன்னால் போனான். நாங்கள் வரிசையாகப் பின்னால். கையை உயர்த்தினால் நிற்க வேண்டும், விரலைக் கீழே சுழற்றினால் மெதுவாக. முதல் வளைவிலேயே எனக்குப் பின்சக்கரம் சறுக்கியது. என் இடது கால், நாற்பத்தைந்து வருஷப் பழக்கத்தில், தானாக வெளியே நீண்டது. "கால்! கால்! கால்!" என்று தம்பி கத்திய கத்தலில் சவுக்குத் தோப்பே விழித்திருக்கும். உள்ளே இழுத்துக்கொண்டேன். அவன் இறங்கி வந்து என் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. "சைக்கிள்ல கத்துக்கிட்டவங்க எல்லாரும் இப்படித்தான் அங்கிள் காலை விடுவாங்க. சின்னப் பசங்க விட மாட்டாங்க" என்றான்.

அந்த வாக்கியம் என்னைத் தைத்தது. கால் ஊன்றுவது எங்களுக்குப் பயத்தில் வருவதல்ல. தரையிடம் கேட்பது அது. குரங்குப் பெடல் காலத்தில் வலது கால் பெடலில், இடது கால் எப்போதும் மண்ணுக்கு ஒரு சாண் மேலே. ஈரமா, மணலா, பொருக்கா என்று உள்ளங்கால்தான் முதலில் சொல்லும். காலை உள்ளே வைத்துக்கொண்டு தரையை அறிவது எப்படி என்று நான் அந்தத் தோப்பில் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. கற்றேன். இரண்டாவது சுற்றில், இருக்கையிலிருந்து லேசாக எழுந்து முழங்கால் மடித்து நின்றபோது, தொடை வழியாக வந்தது சேதி. நான்கு டயரும் தனித்தனியாகப் பேசின. மணல் மேட்டில் ஏறும்போது டார்ஷன் பார் முறுகுவதுபோல என் முதுகுத்தண்டு முறுகித் திரும்பியது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். ஹெல்மெட்டுக்குள் கண்ணீரும் வந்தது. இரண்டும் உண்மை.

சேற்றுக்குழி கடைசியில். அருகே ஒரு டேங்கர் லாரி நின்றது. கடற்கரை மணலில் தண்ணீர் நிற்காது. அதனால் குழி வெட்டி, களிமண் கொண்டுவந்து கொட்டி, வாரத்துக்கு இத்தனை லோடு என்று தண்ணீர் ஊற்றிச் சேற்றை வளர்க்கிறார்கள். களிமண் எங்கிருந்து என்று வெல்டர் வீட்டுப் பையன் கேட்டான். "ஏதோ ஏரி தூர் வாருன எடத்துலேருந்து வருதுன்னு சொன்னாங்க அங்கிள்." எந்த ஏரி என்று தம்பிக்குத் தெரியவில்லை. வெல்டர் வீட்டுப் பையன் கையுறையைக் கழற்றினான். ஒரு பிடி சேற்றை எடுத்து மோந்து பார்த்தான். எங்களிடமும் நீட்டினான். ஐம்பத்தாறு வயது ஆட்கள் நான்கு பேர் ஒரு பிடி மண்ணைக் கைமாற்றி மோந்துகொண்டு நின்றோம். அவன் வீட்டு பீரோவை விழுங்கியது இதே மண்தான். நாங்கள் அழுது சிரித்து வளர்ந்ததும் இதில்தான்.

இறங்கினோம். நான்கு வண்டியும் மூக்குவரை சேறு. கேண்டீன் சார் மகன் நடுவில் நின்றுவிட்டான். வேண்டுமென்றே. எஞ்சினை அணைத்துவிட்டு, "பெடல் இங்கதான்டா இருக்கும்" என்றான். தம்பிக்குப் புரியவில்லை. கதையைச் சொன்னோம். அவன் வண்டியை நிறுத்தி முழுக்கக் கேட்டான். நேரம் ஆவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரும்பும் வழியில் சவுக்கு வரிசைக்கு அப்பால் கடல் தெரிந்தது. அகன்ற, ஈர மணல். அங்கே ஓட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்கே ஆசை வந்தது. கேட்டேன். தம்பி தலையாட்டினான். "கூடாது அங்கிள். பங்குனி ஆமை முட்டையிட வர்ற நேரம்." சிற்றாமையை மீனவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை இரவில் கரையேறி, குழி தோண்டி முட்டையிட்டுவிட்டுப் போகும். வண்டி ஏறினால் மணல் இறுகும், முட்டை நசுங்கும். குஞ்சு பொரித்துக் கடலுக்கு ஓடும்போது டயர் தடத்துப் பள்ளத்தில் விழுந்தால் ஏறி வர முடியாது. 1988 முதல் சென்னைக் கரையில் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து முட்டைகளை எடுத்துக் காப்பதை நான் அறிவேன். அந்த அறிவு எனக்குப் பத்திரிகை வழியாக வந்தது, தம்பிக்கு அவன் பாட்டி வழியாக. எங்கே போகலாம் என்பதைவிட எங்கே போகக்கூடாது என்று காட்டுகிறவன்தான் வழிகாட்டி. எருமைத் தாத்தாவுக்குப் பிறகு எனக்கு வாய்த்த இரண்டாவது ஆள் அவன்.

பருத்திப்பட்டு ஏரியை இப்போது பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது நம்ப முடியாததாக இருக்கலாம். சுற்றிலும் நடைபாதை, விளக்கு, படகு, குழந்தைகள் பூங்கா. சாக்கடையும் ஆக்கிரமிப்பும் அதைத் தின்றுகொண்டிருந்த வருஷங்களையும் நான் பார்த்தவன், ஆகவே அது ஏரியாகவே மிஞ்சியதற்கு மனதார நன்றி சொல்கிறேன். காலையில் அப்பாவைச் சக்கர நாற்காலியில் அங்கேதான் தள்ளிக்கொண்டு போகிறேன். கல் பதித்த பாதை, நாற்காலி அலுங்காமல் போகும். ஆனால் கரையிலிருந்து இறங்க வழி இல்லை. எந்தப் பையனுக்கும் அங்கே பொருக்கின் நிறம் தெரியாது. கம்பிக்கு உள்பக்கம் ஓர் இருபதடி அகலத்துக்காவது, கோடையில் மட்டுமாவது, கால் பதிய மண் விட்டுவைக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். கேட்பது யாருக்கும் சிரமம் தராத சின்ன விஷயம்.

அன்று ராத்திரி வீடு திரும்பியபோது அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். எண்பத்திரண்டு வயது. கண் மங்கிவிட்டது, காது அப்படியே இருக்கிறது. 2021 பிப்ரவரியில் சென்னையில் புதிய அர்ஜுன் டேங்கைப் பிரதமர் ராணுவத்திடம் ஒப்படைத்ததை டிவியில் காட்டியபோதும், பேச்சுதான் கேட்கிறது, எஞ்சின் சத்தம் வரவில்லை என்று ரிமோட்டை என்னிடம் கொடுத்துவிட்டவர்.

என் பேன்ட்டைத் தொட்டுப் பார்த்தார். "ஏரிக்குப் போனியா?" என்றார்.

சொன்னேன். நாலு சக்கரம், தடித்த டயர், கோவளம். போனில் எடுத்த வீடியோவைப் போட்டேன். திரையைப் பார்க்காமல் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். மணல் மேட்டில் நாங்கள் ஒருவர் பின் ஒருவராக ஏறும் இடம்.

"கியர் எங்க மாத்துறான்?"

"கியர் இல்லப்பா. பெல்ட்டு. தானா மாறும்."

"ம்." சாம்பார் சாதத்தில் விரல்கள் நின்றுவிட்டன. என் மனைவி கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். "மொத வண்டி சரி. ரெண்டாவது சரி. மூணாவது வண்டி யாரு?"

"கேண்டீன் சார் மகன்."

"எஞ்சின் ஏறுது, வண்டி ஏறல. பெல்ட்டு வழுக்குது. ஏத்தத்துல அறுந்துச்சுன்னா அப்படியே பின்னாடி வந்துடும்." போனை என்னிடம் நீட்டினார். "அந்தப் பையன் நம்பர் இருக்கா? சொல்லிடு."

மணி ஒன்பதரை. கூப்பிட்டேன். பின்னணியில் அலைச் சத்தம். "எந்த வண்டி அங்கிள்?" "செகப்பு. மூணாவதா வந்தது. எங்கப்பா கேட்டுட்டுச் சொல்றார்." அவன் ஒரு கணம் பேசவில்லை. "காலையில வெளிய விடறதுக்கு முன்னாடி கழட்டிப் பாத்துடறேன்னு தாத்தாகிட்ட சொல்லுங்க."

சொன்னேன். அப்பா தலையசைத்தார். கையில் சோறு காய ஆரம்பித்திருந்தது.

"இன்னொரு தடவை போடு" என்றார்.